ஏழு டிக் வாங்கிய குழம்பு

அந்தக் குழுவுக்கு ‘எல் போர்டு’ என்று பெயர். பெயரைப் பார்த்து அது சமையல் குழு என்று யாரும் சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரே கார் ஓட்டும் பள்ளியில், ஒரே ஓட்டைக் காரில் பழக வந்த எட்டுப் பெண்கள் ஃபோனில் ஆரம்பித்த குழு அது. நாளைக்கு யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு, இன்றைக்குப் பயிற்சியாளரிடம் யார் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதைப் பேசத்தான் ஆரம்பித்தார்கள். ஐந்து பேருக்கு லைசென்ஸ் கிடைத்தது. இரண்டு பேர் பாதியில் விட்டார்கள். ஒருத்தி மூன்று தடவை தேர்வுக்குப் போய், மூன்று தடவையும் அதே கம்பத்தை இடித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ‘மூணாவது தடவை’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கார் பேச்சு எந்த மாதத்தில் குழம்புப் பேச்சாக மாறியது என்று யாருக்கும் நினைவில்லை. பசிக்கிற நேரத்தில் வகுப்பு வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் குழுவுக்குத் தலைவி என்று யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தச் சிரமத்தை, அளவுப் பைத்தியம் என்பதால் எல்லோரும் ‘தராசு’ என்று கூப்பிடும் ஒருத்தி, யாருக்கும் கொடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் இருபது வருடமாக வேலை பார்த்து, இப்போது அங்கே தலைமை டெக்னீசியனாக இருப்பவள் அவள். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் ஒரு மனிதனுக்கு இல்லாத நோயை உண்டாக்கிவிடலாம் என்று தெரிந்தவள். அப்படிப்பட்டவளிடம் போய் ‘கொஞ்சம் சீரகம்’, ‘ஒரு கை பருப்பு’ என்றெல்லாம் எழுதினால் பொறுப்பாளா? ‘உப்பு தேவையான அளவு’ என்று யாராவது எழுதிவிட்டால் போதும், அடுத்த நிமிடம் பதில் வந்துவிடும்: “யாருக்குத் தேவையான அளவு?”

சட்டம் போட்டவளும் அவள்தான். ஒருத்தி ஒரு சமையல் குறிப்பைப் போடுவாள். மற்ற ஏழு பேரும் அவரவர் அடுப்பில் அதைச் செய்து பார்த்து, சரியாக வந்தால் ஒரு டிக் போடவேண்டும். ஏழு டிக் விழுந்தால் அந்தக் குறிப்பு ‘கெட்டிப் பட்டியல்’ என்ற கோப்புக்குள் போகும். போனபிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. “சமைக்காம யாரும் டிக் போடக்கூடாது” என்று வாரத்துக்கு ஒரு தடவை நினைவுபடுத்துவாள். பொய் சொல்லக்கூடாது, அந்தச் சட்டத்தால் எல்லோருக்கும் நன்மைதான். வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கவிடும் மூணாவது தடவை, கெட்டிப் பட்டியலைப் பார்த்துச் சமைத்து மாமியாரிடமே நல்ல பெயர் வாங்கிவிட்டாள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகாது, அதனால் தக்காளியைக் கடைசியில்தான் போடவேண்டும் என்று எட்டுப் பேரில் ஒருத்தியான ‘டீச்சர்’ எழுதிய ஒரு வரியால் எட்டு வீட்டில் எரிவாயு மிச்சமானது.

கெட்டிப் பட்டியலில் முதல் இடம் தராசின் பருப்புக் குழம்புக்குத்தான். சிவப்புப் பருப்பு, கேரட், வெங்காயம், பூண்டு, தக்காளி. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாலு பேருக்கு எவ்வளவு என்று அவள் நாலு தடவை அளந்து அளந்து செய்து எழுதியது. போட்ட மறுநாளே டீச்சர், “எனக்கு என்னவோ உப்பு ஒரு பொட்டு தூக்கலா தெரிஞ்சுது” என்று எழுதினாள். அதற்குத் தராசு எழுதிய பதில் குழுவில் பிரசித்தம்.

“டீச்சர், அளவு நாலு தடவை சரிபார்த்தது. அதுல தப்பு இருக்காது. உங்க நாக்குலதான் ஏதோ கோளாறு. எதுக்கும் ஒரு தடவை பி.பி. பார்த்துடுங்க.”

டீச்சர் பாவம், நிஜமாகவே போய்ப் பார்த்தாள். அன்றைக்கென்று பி.பி. ஏறித்தான் இருந்தது. குழம்பு உப்புக் கரிப்பதற்கும் பி.பி. ஏறுவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று மற்ற யாரையும்விடத் தராசுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ‘தராசு சொன்னால் அது நடக்கும்’ என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியபோது அவள் மறுத்து ஒரு வார்த்தை எழுதவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு நாளில் ஏழு டிக்கும் விழுந்துவிட்டது. டீச்சர் போட்டதுதான் முதல் டிக்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் குழுவில் ஒன்பதாவதாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எட்டுப் பேரில் ஒருத்தி டெய்லர், அவளுடைய தங்கை. வேலை செய்துகொண்டிருந்த பொட்டலம் கட்டும் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அக்கா வீட்டில் வந்து இருந்தாள். புதிதாக வந்தவள் என்பதால் ‘புதுசு’ என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். நன்றாகச் சமைப்பாள். ஆனால் இந்த எட்டுப் பேரும் பேசிக்கொள்ளும் வேகத்தில் வாயைத் திறக்கவே அவளுக்குத் தயக்கம். கெட்டிப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து, பிந்தி வந்தவள் என்றாலும் தானும் ஒரு டிக்கைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பாள். பருப்புக் குழம்பை மட்டும் அக்கா கையால் சாப்பிட்டதோடு சரி, தானாகச் செய்து பார்த்ததில்லை.

அவளுக்கு ஒரு வேலை தகைகிற மாதிரி இருந்தது. பேருந்துகளைப் பழுது பார்க்கும் பணிமனை ஒன்றின் கேன்டீனுக்குச் சமையல்காரர் தேவை. வியாழக்கிழமை ஒரு நாள் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு செய்து காட்டவேண்டும். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் அன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார். என்ன செய்யலாம் என்று புதுசு குழுவில் கேட்டபோது, தராசு யோசிக்கவே இல்லை.

“பருப்புக் குழம்பும் சோறும். வேற எதையும் போட்டு வம்பை வாங்காத. அறுபது பேருக்கு அளவு நான் கணக்குப் பண்ணித் தரேன்.”

அன்று மாலையே பட்டியல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பதினைந்தால் பெருக்கி, கட்டம் கட்டி எழுதியிருந்தாள். அடியில் ஒரு குறிப்பு வேறு: “பெரிய பாத்திரத்துல ருசி பார்த்தா ஒரு ஓரம் ஒரு மாதிரி இருக்கும், இன்னொரு ஓரம் இன்னொரு மாதிரி இருக்கும். குழம்பிடுவ. நாக்கை நம்பாத, ஸ்பூனை நம்பு. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்.”

‘சரிக்கா’ என்று மட்டும் எழுதினாள் புதுசு.

வியாழக்கிழமை தராசுக்கு வார விடுமுறை. காலை பத்து நாற்பதுக்கு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஃபோன் சத்தம் கொடுத்தது. புதுசு எழுதவில்லை, குரலாகப் பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் இரும்பு தட்டும் சத்தம்.

“அக்கா, குழம்பு உப்பு தாங்கலக்கா. வாயில வைக்க முடியல. பன்னெண்டரைக்கு மணி அடிச்சிடுவாங்க. என்ன பண்றது?”

தராசுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அளவு தப்பாது என்பதில் அவளுக்கு அவ்வளவு உறுதி. உடனே ஃபோன் போட்டாள்.

“நீ ரெண்டு தடவை போட்டிருப்ப. பதட்டத்துல மறந்திருப்ப.”

“இல்லக்கா. நாப்பத்தஞ்சு ஸ்பூன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் பேப்பர்ல ஒரு கோடு போட்டேன். கோடு இப்பவும் இருக்கு. நாப்பத்தஞ்சுதான்.”

அந்தக் குரலில் பொய் இல்லை. ஆனால் குரல் உடைகிற இடத்தில் இருந்தது. தராசு ஈரத் துணியைத் தோளில் போட்டபடியே கீழே இறங்கினாள். கணவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மின்விசிறியின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, என் பருப்புக் குழம்புல உப்பு எப்படி இருக்கும்?”

“சரியாத்தானே இருக்கும்.”

“நிஜமாவா, இல்ல எனக்குப் பயந்துக்கிட்டு சொல்றீங்களா?”

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். “நிஜமாத்தான்,” என்றார். அவர் அப்படி வைத்துவிட்டுச் சொன்ன விதமே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் பதிலைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. குழுவில் எழுதினாள்: “புதுசுக்குக் குழம்புல உப்பு ஏறிப்போச்சு. என் அளவுதான். இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்ல. வழி சொல்லுங்க.”

முதலில் வந்தது டெய்லர். தங்கையின் விஷயம் அல்லவா. “ஐயோ, முழுசாவா போட்டா? அதுல பாதிதானே போடணும்? நான் அவகிட்ட சொல்லாம விட்டுட்டேனே.”

தராசு அதை இரண்டு தடவை படித்தாள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது, மூணாவது தடவை எழுதியிருந்தாள். “நீயும் பாதிதானா? நான் மட்டும்தான் பாதி போடறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குத்தான் சமைக்கத் தெரியலன்னு.”

“நானும் பாதி.”

“நான் ஒண்ணரை ஸ்பூன்தான் போடுவேன், முதல் நாள்லேருந்தே.”

“எங்க வீட்ல ஒரு நாள் முழுசா போட்டு, வேலைக்காரம்மாகூட சாப்பிடல. அப்புறம் பாதிதான்.”

ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒருத்திக்கும் மற்றவள் குறைத்தது தெரியாது. ஏழு பேரும் ஏழு அடுப்பில் தனித்தனியாக உப்பைக் குறைத்துக்கொண்டு, தன் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு டிக் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடம். அந்த ஏழு டிக்கை நம்பி முழு உப்பையும் போட்டவள் ஒருத்திதான். அவளுக்குத்தான் இன்றைக்கு வேலை போகப்போகிறது.

தராசுக்குக் காது சுட்டது. ‘ஏன் ஒருத்திகூட சொல்லல?’ என்று அடித்தாள். அனுப்புவதற்கு முன்பே டீச்சரிடமிருந்து செய்தி வந்துவிட்டது.

“தராசு, நான் சொன்னேன். நீதான் பி.பி. பார்க்கச் சொன்ன.”

டீச்சர் அதைக் குத்திக்காட்டி எழுதியதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அதனாலேயே அது நன்றாக இறங்கியது. அடித்து வைத்ததைத் தராசு அழித்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அழுதால் மணி பதினொன்று ஆகிவிடும். ஈரத் துணியை நாற்காலியில் எறிந்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

வழியெல்லாம் குழுவில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. பணிமனைக்குப் பக்கத்து மளிகைக் கடையில் பருப்பும் காயும் வாங்க நிறுத்தியபோது பார்த்தாள். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்றாள் மூணாவது தடவை. மாவை உருட்டிப் போடச் சொன்னாள் ஒருத்தி. பால் ஊற்றச் சொன்னாள் இன்னொருத்தி. சர்க்கரை என்றுகூட ஒரு குரல். தராசு கடை வாசலில் நின்றே பேசி அனுப்பினாள்.

“உருளைக்கிழங்கு ஒண்ணும் மந்திரவாதி இல்ல. போட்ட உப்பை யாராலயும் வெளியில எடுக்க முடியாது. இன்னும் கொஞ்சம் பருப்புக்கும் காய்க்கும் அதைப் பங்கு போட்டுக் கொடுக்கலாம், அவ்வளவுதான். இருக்கறதுல பாதிக்கு மேல உப்பில்லாம மறுபடி சமைக்கணும். புதுசு, ரெண்டு அடுப்புல தண்ணிய கொதிக்க வை. சோத்துல உப்பு போடாத. வந்துட்டேன்.”

உறுதியாகப் பேசியதில் அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. அதற்கு டீச்சர் மட்டும் பதில் போட்டாள்: “புதுப் பருப்பை நேரா அந்தக் குழம்புல கொட்டிடாதீங்க. தக்காளியும் உப்பும் இருக்கு, வேகாம நிக்கும். தனியா வேகவிட்டு அப்புறம் கலங்க.” தராசு ‘சரி டீச்சர்’ என்று எழுதினாள். உண்மையைச் சொன்னால், நேராகக் கொட்டத்தான் நினைத்திருந்தாள்.

கேன்டீன் சமையலறை நீளமான தகரக் கூரைக் கொட்டகை. ஒரு பக்கம் பெரிய அடுப்புகள் நாலு, மறுபக்கம் காய் நறுக்கும் கல் மேடை. ஜன்னல் வழியாக ஒரு பேருந்தின் வயிற்றுக்கடியில் மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. புதுசு முகம் கழுவியிருந்தாள். கண் மட்டும் காட்டிக்கொடுத்தது. தண்ணீர் இரண்டு அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கேரட்டில் பாதியை நறுக்கி முடித்திருந்தாள். அழுதுகொண்டே நறுக்கியிருந்தாலும் துண்டெல்லாம் ஒரே அளவில் இருந்தன. இவள் கைகாரி என்று தராசு மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

குழம்பை ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். துப்பவேண்டியதாயிற்று.

“எந்த ஸ்பூன்ல அளந்த?”

புதுசு காட்டினாள். ஸ்பூன் சரியான ஸ்பூன்தான். பக்கத்தில் உப்புப் பொட்டலம் திறந்து கிடந்தது. தராசு அதற்குள் விரலை விட்டாள். மாவு மாதிரி, வழவழவென்று, விரலிடுக்கில் வழிந்து கொட்டியது. தூள் உப்பு.

அவள் வீட்டில் தூள் உப்பே கிடையாது. அவளுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து கல் உப்புதான். ஒரு ஸ்பூனில் கல் உப்பு அள்ளினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பாதி இடம் காற்று. தூளாக இருந்தால் இடமே இல்லாமல் அடைந்து நிற்கும், ஏறக்குறைய இரண்டு பங்கு உப்பு. எல்லாவற்றுக்கும் அளவு எழுதினவள், எந்த உப்பு என்று எழுதவில்லை. அது எழுதவேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெண் குப்பியின்மேல் இப்படி அரைகுறையாக எழுதி வைத்திருந்தால், அவளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பாள்.

“உன்மேல தப்பில்ல,” என்றாள் தராசு. “நீ கரெக்டா அளந்திருக்க. நான்தான் தப்பா எழுதியிருக்கேன். காலையில ஃபோன்ல உன்னைச் சொன்னேன் பாரு, அதுவும் தப்பு.”

புதுசு பருப்பைக் கழுவ ஆரம்பித்தாள். தராசுக்கு ‘பரவால்லக்கா’ என்று ஒரு வார்த்தை வந்தால் தேவலை என்றிருந்தது. வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை என்று அவளே புரிந்துகொண்டு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நாலு அடுப்பும் எரிந்தன. புதுப் பருப்பு இரண்டு அடுப்பில் வெந்தது. கேரட்டும் உருளைக்கிழங்கும் மூன்றாவது அடுப்பில். நாலாவதில் சோறு. கரித்த குழம்பை வேறொரு பாத்திரத்தில் சரிபாதி பிரித்தார்கள். பருப்பு மசிந்ததும் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறினார்கள். தராசு, பழக்கதோஷம், எத்தனை கரண்டி என்று எண்ணிக்கொண்டே ஊற்றினாள். பன்னிரண்டு ஐந்துக்குப் புதுசு கையை நீட்டித் தடுத்தாள். ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

“இன்னும் ரெண்டு கரண்டி. அப்புறம் பூண்டைத் தட்டி எண்ணெயில வதக்கி மேல ஊத்தணும். இவ்வளவு பருப்பு சேர்த்ததுல வாசனை போயிடுச்சு.”

பூண்டு எவ்வளவு என்று கேட்கத் தராசுக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. புதுசு ஒரு கை நிறையப் பூண்டை அள்ளினாள். பார்த்தாள். திரும்ப நாலு பல்லை எடுத்துப் போட்டாள். எண்ணெயில் அது சிவந்து குழம்புமேல் விழுந்தபோது எழுந்த மணத்துக்கு, பேருந்துக்கடியில் இருந்த கால்களில் ஒரு ஜோடி வெளியே வந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது.

அறுபது பேரும் கை கழுவிவிட்டு வரிசையில் வந்தார்கள். கிரீஸ் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்த கூட்டம். மேற்பார்வையாளர் வரிசையில் கடைசியாக வந்தார். ஒல்லியான மனிதர், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. தனியாக மேசை எதுவும் கேட்காமல் எல்லோருடனும் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். புதுசு கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தராசு கதவோரம் நின்றாள். இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ முடிவுகளைக் கொடுத்தவளுக்கு, ஒரு முடிவுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துபோனது.

முதலில் எழுந்தவன் ஒரு தடித்த மெக்கானிக். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போவான் என்று பார்த்தால், நேராகப் புதுசிடம் வந்தான். “இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?”

“எவ்வளவு வேணும்னாலும்,” என்றாள் புதுசு. அது சத்தியமான வார்த்தை. இரண்டு அண்டா நிறைய இருந்தது.

அவனைப் பார்த்து இன்னொருவன். அப்புறம் நாலு பேர். மறுபடியும் ஒரு வரிசை நின்றது. அந்தக் கேன்டீனில் இரண்டாவது தடவை சாப்பாடு கேட்கும் பழக்கமே அதுவரை இருந்ததில்லை என்று பின்னால் தெரிந்தது.

எல்லோரும் போனபிறகு மேற்பார்வையாளர் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

“சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா. ஆனா அறுபது பேருக்குச் செய்யச் சொன்னா நூறு பேருக்குச் செஞ்சிருக்க. தினமும் இப்படித்தானா?”

தராசு முன்னால் வந்தாள். “சார், அது வந்து, தப்பு என்னோடது—”

“இருங்கக்கா,” என்றாள் புதுசு. மேற்பார்வையாளரை நேராகப் பார்த்தாள். “தினமும் இப்படி இல்ல சார். காலையில உப்பு அதிகமாயிடுச்சு. அதைச் சரிபண்ண இவ்வளவு சேர்க்க வேண்டியதாப் போச்சு. நாளைலேருந்து அறுபது பேருக்குத்தான் இருக்கும். ஆனா ரெண்டாவது தடவை கேக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் செய்வேன். கேக்கறாங்கல்ல.”

தராசு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவையும் ஏன் இவள் போட்டு உடைக்கிறாள் என்று இருந்தது. மேற்பார்வையாளர் சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்கினார்.

“உப்பு அதிகமானதை மறைக்காம சொல்ற. மூணு வருஷமா இங்க சமைச்ச ஆளு ஒரு நாள்கூடச் சொன்னதில்ல. நாங்களாத்தான் கண்டுபிடிப்போம்,” என்றார். “காலையில ஏழு மணிக்கு வந்துடு. மிச்சத்தை ராத்திரி ஷிப்டுக்கு எடுத்து வை.”

அவர் போனதும் புதுசு கல் மேடைமேல் கையை ஊன்றிக்கொண்டு மூச்சை விட்டாள். அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த மூச்சு. தராசு குழுவில் ‘வேலை கிடைச்சாச்சு’ என்று இரண்டே வார்த்தை எழுதினாள். டெய்லர் அழுகிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினாள். தராசு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தனக்கு ஒரு தட்டு போட்டுக்கொண்டு சாப்பிட்டுப் பார்த்தாள். இது அவளுடைய குழம்பு இல்லை. பூண்டு தூக்கலாக, கேரட் கூடுதலாக, வேறு யாருடையதோ ஆகிவிட்டிருந்தது. நல்ல குழம்பு.

“இன்னைக்குச் சாயங்காலமே எல்லாத்தையும் கிராம் கணக்குல மாத்தி எழுதிடறேன்,” என்றாள். “உப்பு, பருப்பு, பூண்டு எல்லாம். எந்த உப்புன்னும் எழுதிடறேன். நாளைக்கு உனக்கு ஒரு குழப்பமும் இருக்காது.”

“வேண்டாம்க்கா.”

தராசு நிமிர்ந்து பார்த்தாள்.

“கோவிச்சுக்காதீங்க,” என்றாள் புதுசு. “காலையில ஒன்பது மணிக்கே நான் ருசி பார்த்தேன். முப்பது ஸ்பூன் போட்டதுமே போதும்னு என் நாக்கு சொல்லிச்சு. ஆனா உங்க பேப்பர்ல நாப்பத்தஞ்சுன்னு இருந்துச்சு. ஏழு பேரு டிக் போட்டிருக்காங்க, நமக்கு என்ன தெரியும்னு மிச்சத்தையும் போட்டேன். போட்டுட்டு, கரிக்குதுன்னு தெரிஞ்சும் ஒண்ணரை மணி நேரம் சும்மா நின்னேன், உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டு. உப்பு அதிகமானதைவிட அதுதான்க்கா தப்பு. இனிமே நான் ருசி பார்த்தே போட்டுக்கறேன்.”

ஒண்ணரை மணி நேரம். தராசுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அந்தக் கொட்டகையில், கொதிக்கிற அண்டா முன்னால், வேலை போய்விடும் என்று தெரிந்தும் இந்தப் பெண் தனக்குப் பயந்துகொண்டு நின்றிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதோடு சேர்ந்து, ஏனென்று சொல்லத் தெரியவில்லை, ஒரு சந்தோஷமும் இருந்தது. எட்டுப் பேர் இருக்கிற குழுவில் பன்னிரண்டு வருடமாக அவள் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொன்ன ஆள் இல்லை. இன்றைக்கு ஒருத்தி சொல்லிவிட்டாள்.

“சரி,” என்றாள் தராசு. “எழுதல. நீயே பார்த்துக்க.”

புதுசு அண்டாவைச் சாய்த்து மிச்சக் குழம்பை வழித்தாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்: “இன்னும் ஒண்ணு சொல்லவாக்கா?”

“சொல்லு.”

“உங்க முட்டைப் பொரியல் இருக்குல்ல, பட்டியல்ல நாலாவது. அது நல்லாவே இல்லக்கா. நானும் டிக் போட்டிருக்கேன்.”

தராசுக்கு முகம் சிவந்தது. அந்த முட்டைப் பொரியலை அவள் ஆறு தடவை அளந்து எழுதியிருந்தாள். பதில் ஒன்று நாக்கு நுனிக்கு வந்து நின்றது, காரமான பதில். அதை அப்படியே விழுங்கினாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“என்ன கோளாறு அதுல?” என்று கேட்டாள்.

புதுசு கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது.